சேலத்தில் முதன்முறையாக நாய் வளர்ப்பவர்களுக்கு: குட்டி வருவதற்கு முன்பிருந்து ஏற்காட்டுப் பயணம் வரை

நாய் வளர்க்க விரும்பி யோசனை கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் எந்த இனம் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் கேட்பது வேறொன்று: காலை 5.30 மணிக்கும் இரவு 7 மணிக்கும் உங்கள் வீட்டில் யார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போவார்கள்? சேலத்தில் மார்ச் பிறந்துவிட்டால் காலை 8 மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய பகல்கள் இங்கே சாதாரணம். சுற்றிலும் மலைகள் நிற்கும் இந்த ஊரில் கோடை முழுவதும் நாயின் நாள் விடியலிலும் இருட்டிய பிறகும்தான் நடக்கிறது. அந்த இரண்டு வேளைகளையும் யார் ஏற்றுக்கொள்வது என்று வீட்டில் பேசி முடிவு செய்த பிறகு குட்டியைத் தேடத் தொடங்குங்கள்.

கண்ணங்குறிச்சிப் பக்கம், மலையடிவாரத்தை ஒட்டிய வீட்டில் நான் பல ஆண்டுகளாக நாய்களோடு வாழ்ந்து வருகிறேன். அவற்றிடம் கற்றதையும், கால்நடை மருத்துவர்கள் பொறுமையாகச் சொல்லித் தந்ததையும், ஒரு நாயை இழந்து தெரிந்துகொண்டதையும் புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பயன்படும் வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். மற்றபடி நாக்கை நீட்டி இளைப்பதன் மூலமாகவே அது தன் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே மூக்கு உள்ளே அமுங்கிய பக் போன்ற நாய்களுக்கும், பனிப் பிரதேசத்துக்கென அமைந்த இரட்டை அடுக்கு ரோமம் கொண்ட ஹஸ்கி போன்ற நாய்களுக்கும் சேலத்துக் கோடை உண்மையான துன்பம். குளிர்சாதன அறையில் வைத்துக்கொள்வோம் என்று சிலர் சொல்கிறார்கள். மின்சாரம் நின்றுபோகும் ஒரு மே மாத மதியத்தை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் நாட்டு இனங்கள் தென் தமிழகத்து வெயிலில் உருவானவை என்பதால் இந்தச் சூடு அவற்றுக்குப் பழக்கமானது. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்கும் வேட்டைக்கும் பிறந்தவை. அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் அவை நிம்மதியாக இருக்கமாட்டா. வெள்ளை ராஜபாளையம் குட்டியை எடுப்பவர்கள், அதன் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து, காது கேட்கிறதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. பிறவிச் செவிட்டுத்தன்மை இந்த இனத்தில் காணப்படுவதுண்டு. முதன்முறையாக வளர்ப்பவர்களுக்கு நான் மனப்பூர்வமாகப் பரிந்துரைப்பது நம் தெருவில் பிறந்த நாட்டு நாய்க் குட்டியைத்தான். இந்த மண்ணின் வெயிலும் மழையும் அதன் உடம்புக்குத் தெரியும். அறிவிலும் பாசத்திலும் அது எந்த இனத்துக்கும் குறைந்ததில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் 8 வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். அதற்கு முன்பு குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை தொடர்பான 2017ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. கடிக்கும்போது எவ்வளவு அழுத்தம் வலியைத் தரும் என்பதைக் குட்டி தன் உடன்பிறப்புகளோடு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. 30 நாளில் பிரித்து வந்த குட்டிகள் பிற்காலத்தில் அதிகம் கடிப்பதையும் அதிகம் அஞ்சுவதையும் நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரம்

குட்டி வரும் நாளில் உறவினர்களையும் தெருப் பிள்ளைகளையும் கூட்டி வைக்காதீர்கள். வீட்டில் ஆள் நடமாட்டம் தெரிகிற, ஆனால் மிதிபடாத ஒரு மூலையில் பழைய போர்வையை விரித்து, அருகில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். முதல் சில இரவுகளில் அது தாயை நினைத்து அழும். அப்போது மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய்க் கட்டிவிடாமல், உங்கள் கட்டிலுக்கு அருகிலேயே படுக்க வைத்தால் விரைவில் அமைதி அடைந்துவிடும்.

சிறுநீர், மலம் கழிக்கும் பழக்கத்தை முதல் நாளே தொடங்கிவிடலாம். தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டு முடித்தவுடன், விளையாடி முடித்தவுடன் என்று மூன்று நேரங்களிலும் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரே இடத்துக்குப் போங்கள். அது கழித்த மறுகணமே பாராட்டி, சிறு தின்பண்டம் ஒன்றைக் கொடுங்கள். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்ள இயலாது என்பதால் வீட்டுக்குள் நனைந்தால் அது குட்டியின் குற்றமன்று. அந்த ஈரத்தில் அதன் மூக்கைத் தேய்ப்பது என்றொரு வழக்கம் இன்னும் இருக்கிறது; அதனால் குட்டி கற்றுக்கொள்வது, நம் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் போய்க் கழிப்பதை மட்டுமே.

மருத்துவரிடம் முதல் வருகை

குட்டி வந்த இரண்டு, மூன்று நாட்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அதற்கென ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள். 6 முதல் 8 வார வயதில் பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணையும், பின்னர் 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வார வயது வரை அடுத்தடுத்த தவணைகளும் போடப்படும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதிலும், மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்கத் தவணையாகவும், பிறகு ஆண்டுதோறும் தவறாமலும் போட வேண்டும். குடற்புழு நீக்க மருந்தை மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது பொதுவான முறை.

1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி செலுத்திக் காப்பாற்றினார். விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களுக்கான விழிப்புணர்வு நாளாக உலகம் கடைப்பிடிப்பது அந்த நாளைத்தான். அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடத்துவது வழக்கம் என்பதால், செலவை எண்ணித் தயங்குபவர்கள் ஜூன் மாதக் கடைசியிலேயே அருகிலுள்ள மருத்துவமனையில் விசாரித்துக்கொள்ளலாம்.

பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கக்கூடியது. ஆகவே தடுப்பூசித் தவணைகள் முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்கி நடக்கவிட வேண்டாம். ஆனால் அதே காலத்தில்தான், அதாவது ஏறத்தாழ 3 முதல் 14 வார வயதுக்குள்தான், எதைக் கண்டு அஞ்ச வேண்டும், எதை இயல்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் குட்டியின் மனம் தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் இடையே வழி ஒன்று உண்டு: கையில் தூக்கிக்கொண்டு போங்கள். ஐந்து ரோடு பேருந்துச் சத்தம், அம்மாபேட்டைப் பக்கத்துத் தறிச் சத்தம், ஹெல்மெட் அணிந்த முகம், குடை, ஊன்றுகோல் பிடித்த தாத்தா, பள்ளிச் சீருடையில் ஓடும் பிள்ளைகள் ஆகியவற்றை உங்கள் தோளில் பத்திரமாகச் சாய்ந்தபடி பார்த்துப் பழகிய குட்டி, வளர்ந்த பிறகு எதற்கும் பதறுவதில்லை.

இரவில் அவசரம் என்றால் எந்த மருத்துவரை அழைக்கலாம் என்பதை முதல் வருகையின்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், 1985 முதல் நடந்துவரும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்கு அருகில் இருக்கிறது.

உணவு

ஆறு மாதம் வரை நாளுக்கு மூன்று அல்லது நான்கு வேளை, பிறகு இரண்டு வேளை என்று நேரம் தவறாமல் கொடுத்து, தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிட வேண்டும். கடையில் கிடைக்கும் உலர் உணவு, வீட்டுச் சாதத்தோடு வேகவைத்த கோழி அல்லது முட்டை, கொஞ்சம் கேரட், பூசணி என எதுவும் நன்றே. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது, அதுதான் அளவு. தயிர்ச் சாதம் பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். பால் பலவற்றுக்கு வயிற்றுப்போக்கைத் தரும்.

நம் வீடுகளில் அறியாமல் நிகழும் பெரிய தவறு, குழம்பு ஊற்றிப் பிசைந்த சாதம். வெங்காயமும் பூண்டும், வெந்திருந்தாலும் சரி, பச்சையாக இருந்தாலும் சரி, நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. ஒருநாள் ஒரு வாய் தின்றதில் ஒன்றும் தெரியாது. நாள்தோறும் சிறிது சிறிதாகப் போகும்போது சோகையில் கொண்டுபோய் விடுகிறது. மாலையில் நாம் தின்னும் தட்டுவடை செட்டில் ஒரு துண்டைக்கூட நாய்க்குக் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். சாக்லேட், பாயசத்தில் மிதக்கும் உலர் திராட்சை, பச்சைத் திராட்சை, சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லா மிட்டாய் ஆகியவையும் நஞ்சு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் மிஞ்சும் வெந்த எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும்.

சேலத்துக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை: மாம்பழக் காலத்தில் கொட்டைகளைக் கண்ட இடத்தில் போடாதீர்கள். சாறும் மணமும் ஒட்டிய மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டிருக்கும் நாய், நாம் பிடுங்க வருகிறோம் என்று தெரிந்தவுடன் அப்படியே விழுங்கிவிடும். அது குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சையைத் தவிர வேறு வழியில்லாமல் போகலாம். மே, ஜூன் மாதங்களில் நாய் தொடர்ந்து வாந்தி எடுத்து, மலம் கழிக்காமல் சுருண்டு படுத்தால், மாங்கொட்டை விழுங்கியிருக்கக்கூடும் என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

பழக்குதல்

பழக்குவதற்கு முன் வீட்டார் அனைவரும் உட்கார்ந்து சொற்களை முடிவு செய்துகொள்ள வேண்டும். பாட்டி ‘உக்காரு’ என்றும், பேரன் ‘சிட்’ என்றும், அப்பா ‘உட்கார்டா இங்க’ என்றும் சொன்னால் நாய்க்கு அவை மூன்று வெவ்வேறு சொற்கள். ‘உக்காரு’, ‘வா’, ‘இரு’, ‘விடு’ ஆகிய நான்கு சொற்கள் முதல் ஆண்டுக்குப் போதும். பேச்சு வழக்கில் வாயில் வருகிற வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் அதுதான் வரும்.

தொடங்குவது இப்படி: ஒரு சிறு துண்டு வேகவைத்த கோழியை விரலிடுக்கில் பிடித்து, குட்டியின் மூக்கருகே காட்டி, மெதுவாக அதன் தலைக்கு மேலே பின்னோக்கி நகர்த்துங்கள். மூக்கு மேலே போகப் போகப் பின்பகுதி தானாகவே தரையில் அமரும். அமர்ந்த அந்தக் கணத்தில் ‘சபாஷ்’ என்று சொல்லித் துண்டைக் கொடுங்கள். இரண்டு விநாடி தாமதித்தால்கூட எதற்காகப் பரிசு கிடைத்தது என்பது நாய்க்குப் புரியாமல் போகும். நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதுமானது. அசைவு பிடிபட்ட பிறகு சொல்லைச் சேருங்கள். ‘உக்காரு’ என்று பத்து முறை அடுக்கிச் சொல்லாமல் ஒரே முறை சொல்லிக் காத்திருங்கள்.

‘வா’ என்ற சொல் இந்த நான்கில் உயிர்காக்கும் சொல். அதைச் சொல்லி வரவழைத்து ஒருபோதும் அடிக்கவோ, குளிப்பாட்டவோ, மருந்து ஊட்டவோ கூடாது. அவற்றுக்கெல்லாம் நீங்களே எழுந்து நாயிடம் போங்கள். 20 அடி நீளக் கயிற்றைக் கட்டி, காலி மனையிலோ மொட்டை மாடியிலோ தூரத்தை மெல்ல மெல்லக் கூட்டி, வரும் ஒவ்வொரு முறையும் தாராளமாகக் கொடுத்துப் பழக்கினால், மூன்று, நான்கு மாதங்களில் அந்தச் சொல் அதன் மனதில் ஆழமாகப் பதிந்துவிடும். ‘விடு’ என்பதற்கு, மூடிய கையில் ஒரு தின்பண்டத்தை வைத்துக்கொண்டு, நாய் நக்கிப் பார்த்து, பிறாண்டிப் பார்த்து, முகத்தைத் திருப்பும் வரை காத்திருந்து, திருப்பிய கணத்தில் மறு கையிலிருந்து இன்னும் சுவையான ஒன்றைக் கொடுங்கள்.

அடித்துப் பழக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடாது என்பதுதான். அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திக்கொள்ளும்; உறுமல் என்ற எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடிக்கும் நாயை அப்படித்தான் உருவாக்குகிறோம். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டி வைப்பதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதையும், வழக்கமாகக் கட்டியே வைக்கும் நாய்க்கு உடற்பயிற்சி அளிக்கத் தவறுவதையும் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வதை என்றே வகைப்படுத்துகிறது.

ஊருக்குள் நடை

கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். இழுக்கும் நாய்க்கு மார்போடு சுற்றி வரும் ஹார்னஸ் நல்லது. கயிறு ஐந்து, ஆறு அடி இருந்தால் போதும். கயிறு இறுகும் போதெல்லாம் நின்றுவிடுங்கள், தளர்ந்தவுடன் நடங்கள். முதல் வாரத்தில் வீதி முனையைத் தொடவே அரை மணி நேரமாகும். அதைப் பொறுத்துக்கொண்டால் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் தோள் வலிக்காது.

கிளம்புமுன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதங்களும் பொசுங்கும். சூரியன் மறைந்த பிறகும் தாரும் சிமெண்டும் நெடுநேரம் சூட்டை விடுவதில்லை என்பதால்தான் கோடையில் மாலை நடையை ஏழு மணிக்குத் தள்ளி வைக்கிறோம். மூக்கனேரிக் கரை போன்ற இடங்களில் விடியற்காலை நடை மிக இனிமையானது; அங்கே நீருக்குள் உள்ள மண்திட்டுகளில் பறவைகள் தங்குவதால் நாயைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கக் கூடாது, தேங்கிய நீரைக் குடிக்கவும் விடக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நாய் கழித்ததை அள்ளிப் போட ஒரு பை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். நாய் வளர்ப்பவர்கள்மீது அக்கம்பக்கத்தார் கொள்ளும் கோபத்தில் பெரும்பகுதி இந்த ஒரு காரியத்தில் அடங்கியிருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்பு நாய்களுக்குத் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆயினும் அந்த உரிமையை நாம் நிம்மதியாக அனுபவிப்பது, மின்தூக்கியும் படிக்கட்டும் சுத்தமாக இருக்கும்வரைதான்.

தெரு நாய்கள் எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், கல்லை எடுக்காதீர்கள். அவற்றை நேருக்கு நேர் முறைக்காமல், உங்கள் நாயைக் கயிற்றோடு அருகில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் விலகி மெதுவாகக் கடந்து செல்லுங்கள். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், அது உங்கள் வீட்டு நாயாகவே இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். வெறிநோய் அறிகுறிகள் தோன்றிய பிறகு காப்பாற்ற மருந்தில்லை.

வெயில் தாக்கிய நாய் விடாமல் இளைக்கும், எச்சில் கொழகொழவென்று ஒழுகும், ஈறு கருஞ்சிவப்பாகும், தள்ளாடும். நாயின் இயல்பான வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. அது 105ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. நிழலுக்குக் கொண்டுவந்து, உடல் முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறியின் கீழ் வைத்து, சூடு சற்றுத் தணிந்த பின் வண்டியில் ஏற்றுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி விடுவது காற்றுப் படாமல் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். காய்ச்சலென்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். மனிதர்களுக்கான வலிமாத்திரைகள் நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும்.

உண்ணி

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் முத்து என்றொரு நாட்டு நாய் இருந்தது. ஒரு ஏப்ரல் மாதத்தில் அது தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துபோனது. வெயிலுக்குச் சாப்பிடவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டு மோரும் தண்ணீருமாக மூன்று நாட்களைக் கடத்தினேன். நான்காம் நாள் மூக்கிலிருந்து ரத்தம் வந்தபோது மருத்துவரிடம் ஓடினோம். அதற்குள் ரத்தத்தட்டுகள் மிகவும் குறைந்துபோயிருந்தன. உண்ணிக் காய்ச்சல் என்றார். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் மாத்திரைகளிலேயே குணப்படுத்தியிருக்கலாம் என்றும் சொன்னார். அன்று முதல், நாய் ஒரு நாள் முழுவதும் சாப்பிடவில்லை என்றால் நான் காரணம் தேடிக்கொண்டிருப்பதில்லை, தெர்மாமீட்டரை எடுக்கிறேன்.

பழுப்பு நாய் உண்ணி ஆண்டு முழுவதும் இங்கே உண்டு. வெயிலும் ஈரமும் மாறி மாறி வரும் மாதங்களில் பெருகும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அந்த முட்டைகள் நாயின் உடலில் இருப்பதில்லை. சுவர் வெடிப்பிலும், கதவு நிலையின் இடுக்கிலும், நாய் படுக்கும் சாக்கின் மடிப்பிலும் இருக்கின்றன. ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு வீட்டை விட்டுவிட்டால் மூன்று வாரத்தில் மீண்டும் ஏறிவிடும். மாதத்துக்கு ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் மாத்திரை, கழுத்தின் பின்புறம் விடும் சொட்டு மருந்து ஆகியவற்றில் உங்கள் நாயின் வயதுக்கும் எடைக்கும் ஏற்றதை மருத்துவர் சொல்லட்டும். தேதியைக் குறிப்பேட்டில் எழுதி அதைத் தவறவிடாதீர்கள். படுக்கையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வையுங்கள். சுவர் வெடிப்புகளைப் பூசிவிடுங்கள்.

ஒவ்வொரு நாள் மாலையும் காதின் உட்புறம், விரலிடுக்கு, அக்குள், வாலின் அடிப்பகுதி ஆகியவற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணி கிடைத்தால் நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து, ஸ்பிரிட் ஊற்றிய குப்பியில் போடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும், பீடி நெருப்பில் சுடுவதும், நகத்தால் நசுக்குவதும் வேண்டாம்.

ஆடியும் தீபாவளியும்

சேலத்து நாய்க்கு வெடிச் சத்தம் தீபாவளியன்று மட்டும் வருவதில்லை. ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் கோயில் திருவிழாவும், குகை வண்டி வேடிக்கையும், ஊரெங்கும் நடக்கும் அம்மன் பண்டிகைகளும் மேளமும் வாணமுமாக நாள்கணக்கில் நீளும். சத்தத்துக்கு மிரண்டு சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடித் தொலையும் நாய்கள் அந்த வாரங்களில்தான் மிகுதி. ஆனி மாதத்திலேயே கைப்பேசியில் வெடிச் சத்தத்தை மிக மெல்லியதாக ஒலிக்கவிட்டு, அது கேட்கும் போதெல்லாம் சுவையான உணவு கொடுத்து, நாட்கணக்கில் மெல்ல ஒலியைக் கூட்டினால் பல நாய்களின் அச்சம் குறைகிறது. திருவிழா நாளில் பொழுது சாயும் முன்பே நடையை முடித்து, சன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டு, கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தால் அங்கேயே இருக்க விடுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த வில்லை கழுத்தில் எப்போதும் இருக்க வேண்டும்.

ஏற்காட்டுக்கு அழைத்துச் செல்லுதல்

தடுப்பூசிகள் முடிந்து, ‘வா’ என்ற சொல் நன்றாகப் பதிந்த பிறகு, ஏறத்தாழ ஒரு வயதில், முதல் மலைப் பயணத்தை வைத்துக்கொள்ளலாம். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தைத் தவிர்த்து, ஒரு வார நாளில் அதிகாலையில் கிளம்புங்கள். சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் என்றாலும் அடிவாரத்துக்கு மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வண்டிக்குப் பழகாத நாய்க்கு ஐந்தாறு வளைவுகளிலேயே எச்சில் வடியத் தொடங்கி, வாந்தி வந்துவிடும். முந்தைய வாரங்களில் அஸ்தம்பட்டி வரை, கோரிமேடு வரை, அடிவாரம் வரை என்று சிறு சிறு ஓட்டங்களாகப் பழக்குங்கள். பயண நாளில் கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன்பிருந்தே உணவு வேண்டாம். தண்ணீர் மட்டும் போதும். பின்னிருக்கையில் ஹார்னஸைப் பெல்ட்டோடு இணைத்து, கண்ணாடியைக் காற்று வரும் அளவுக்கு மட்டும் இறக்கி, பாதி வழியில் அகலமான இடமாகப் பார்த்து ஒருமுறை நிறுத்துங்கள். ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் நாயை நிறுத்திக்கொண்டு மலையேறுபவர்களைப் பார்க்கும்போது என் நெஞ்சு பதறுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மலைப்பாதையில் நிறுத்தினால் கயிறு கையில் சுற்றியிருக்க வேண்டும். குரங்குகள் வண்டியை நெருங்கி வரும். ஒரு குரங்கைத் துரத்திப் பாய்ந்த நாய்க்குச் சாலையோரப் பள்ளம் தெரியாது. சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் தோட்டங்களுக்குள்ளும் சாலையோரத்திலும் மேய்வதுண்டு. குரைக்கும் நாயைக் கண்டால் அவை மிரண்டு திரும்பும், நாய் அடைக்கலம் தேடி நம்மிடமே ஓடிவரும், பின்னாலேயே காட்டெருமையும் வரும். ஆதலால் தொலைவில் கண்டவுடனேயே சத்தமின்றிப் பின்வாங்கி வண்டிக்குள் ஏறிவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் நாயோடு நுழையக் கூடாது. நம் நாய்களின் டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் காட்டு விலங்குகளுக்கும் பரவக்கூடியவை. பகோடா முனை, லேடீஸ் சீட் போன்ற காட்சி முனைகளுக்கு விடிந்த கையோடு போய், கூட்டம் சேரும் முன்பே திரும்பிவிடுவது எல்லோருக்கும் நல்லது. தங்குவதாக இருந்தால் நாயை அனுமதிப்பார்களா என்பதை விடுதியில் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்று குளிர்ந்திருப்பதால் சேலத்தில் அரைக் கிலோமீட்டரில் சோர்கிற நாய் அங்கே குதித்து ஓடும். அந்த மகிழ்ச்சியைக் கண்டு நாமும் நெடுந்தூரம் நடத்திவிடுகிறோம். மறுநாள் பாதங்களில் தோல் உரிந்திருக்கும். முதல் முறை ஒரு மணி நேர நடை போதும். காப்பித் தோட்ட ஓரங்களில் ‘விடு’ என்ற சொல்லுக்கு வேலை வரும். அறுவடைக் காலத்தில் களத்தில் காயும் காப்பிக் கொட்டைகளிலும், உதிர்ந்து கிடக்கும் பழங்களிலும் காஃபீன் இருக்கிறது. நாய் அவற்றைத் தின்றால் படபடப்பும் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். புதருக்குள் மூக்கை நுழைத்த நாய் கத்திக்கொண்டு பின்வாங்கி, முகமோ காலோ வீங்கினால் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுப் போடாமல், கீறாமல், நடக்கவிடாமல், கைகளில் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் விரைய வேண்டும். பாம்பைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

மழைக்காலத்திலும் மார்கழி, தை மாதங்களிலும் மலையில் மாலை சட்டென்று குளிர்ந்துவிடும். நனைந்த நாயைத் துவட்ட இரண்டு பழைய துண்டுகள், வீட்டுத் தண்ணீர், கிண்ணம், அதன் வழக்கமான உணவு, தடுப்பூசிக் குறிப்பேடு, இடுக்கி ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும். இருட்டும் முன்பே இறங்கிவிடுங்கள். இறக்கத்தில்தான் நாய்க்குக் குமட்டல் அதிகம்.

வீடு சேர்ந்தவுடன் உணவு வைப்பதற்கு முன்பு நாயை வெளிச்சத்தில் நிறுத்தி, காதிலிருந்து விரலிடுக்கு வரை உண்ணிக்காகத் தடவிப் பாருங்கள். ரோமத்தில் சிக்கிய ஒட்டுப்புல்லையும் அப்போதே எடுத்துவிடலாம். மறுநாள் காலையிலும் ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனெனில் மிகச் சிறிய உண்ணிகள் ரத்தம் குடித்துப் பெருத்த பிறகே கைக்குத் தட்டுப்படும். பயணத் தேதியைக் குறிப்பேட்டில் எழுதி, அதற்கு நேராக மூன்று வாரம் கழித்து வரும் தேதியையும் எழுதி வையுங்கள். உண்ணிக் காய்ச்சல் வெளிப்படப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் காலம் அது. அதற்குள் எந்த நாளிலாவது நாய் தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துபோனால், அன்று மாலையே மருத்துவரிடம் அந்தக் குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள்.